மணியடிக்காத வீட்டில் வளர்ந்த நாய்

போன ஞாயிற்றுக்கிழமை ஓசூரில், நாய்களுக்கு முடிவெட்டிக் குளிப்பாட்டும் கடை ஒன்றின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, ‘முருகா முருகா’ என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே மேஜைமேல் எங்கள் புஜ்ஜி. குளியல் முடிந்துவிட்டது. இனி டிரையர்தான் போட வேண்டும்.

என் கைப்பைக்குள் பூஜை மணி இருந்தது. சிரிக்காதீர்கள்... சொல்கிறேன்.

புஜ்ஜி வெள்ளைப் பொமரேனியன். முழங்கால் உயரம்கூட இல்லை. முடி மட்டும் மூன்று நாய்க்கு உண்டு. மழைக்காலத்தில் அந்த முடிக்கடியில் ஈரம் தங்கி, தோலெல்லாம் புண். மருந்து ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, அடிமுடி வரை காயவைக்க வேண்டும் என்றார் டாக்டர். வெயிலில் விட்டால் போதாதா? ஓசூர் வெயிலை நம்பி நாங்கள் துண்டைக்கூடத் துவைத்துப் போடுவதில்லை!

அதனால்தான் போன மாதம் இந்தக் கடைக்குக் கூட்டி வந்தோம். டிரையர் என்றால் நம் தலைமுடிக்குப் பிடிப்பது போல என்று நினைத்திருந்தேன். இது தரையில் உட்கார்ந்துகொண்டு, குழாய் வழியாகக் காற்றைப் பீய்ச்சும் மெஷின். போட்டதும், பாரம் ஏற்றிய லாரி மேட்டில் ஏறுகிற சத்தம். புஜ்ஜி துள்ளினாள். கத்தினாள். பிறகு கத்தவும் முடியாமல் வாயைப் பிளந்து மூச்சு வாங்கினாள். நாக்கு... நீலம்.

கடைக்காரப் பெண் சுமித்ரா உடனே மெஷினை நிறுத்திவிட்டாள். தளி ஊர்ப் பக்கத்துப் பெண், கன்னட வீடு. “ஏனாகல்ல அக்கா, ஒண்ணும் ஆகாது” என்று எனக்குத்தான் தைரியம் சொன்னாள். நாக்கு மறுபடி சிவக்கும் வரை என் உயிர் என்னிடம் இல்லை.

டாக்டரிடம் ஓடினோம். “இந்த ஜாதிக்கு மூச்சுக்குழாய் மெலிசும்மா. இப்படிப் பயந்தா உயிருக்கே ஆபத்து” என்றார். அப்படியானால் காயவைக்க வேண்டாமா? “காயலைன்னா புண் ஆறாதே!”

முன்னே போனால் கடிக்கும், பின்னே போனால் உதைக்கும்... நான் எந்தப் பக்கம் போவது?

சுமித்ராவிடமே திரும்பிப் போனேன். அவள் ஒன்று கேட்டாள்.

“வீட்ல மிக்ஸி போட்டா என்னா பண்ணுது அக்கா?”

“மிக்ஸியா? பகல்ல போடவே மாட்டோம்மா.”

“குக்கரு?”

“விசில் வர்றதுக்குள்ள அடுப்ப அணைச்சுடுவேன்.”

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “வீட்ல யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லையா அக்கா?”

ஒடம்புக்கு என்ன? நைட் ஷிஃப்ட்!

ஷிஃப்ட் வீட்டுப் பெண்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. என் வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில், இரும்புத் தகட்டை அடித்து வடிவாக்கும் பிரஸ் ஷாப்பில் இருக்கிறார். வாரம் மாறி வாரம் பகலில்தான் தூக்கம். கதவைப் பூனை மாதிரி சாத்துவோம். காலிங் பெல்லைக் கழற்றியாகிவிட்டது. அவ்வளவு ஏன், பூஜையில் நான் மணியடிப்பதே இல்லை. நைவேத்தியம் வைத்து, தீபம் மட்டும் காட்டுவேன். பகல் ஷிஃப்ட் வாரத்திலும் அதே பழக்கம் ஒட்டிக்கொண்டது. குட்டியாக வந்ததிலிருந்து புஜ்ஜி கேட்டதெல்லாம் கிசுகிசுப் பேச்சுதான். அந்தக் காதில் போய் லாரி சத்தம் விழுந்தால்?

“கொஞ்சங் கொஞ்சமா பழக்குங்க அக்கா. சத்தம் வந்தா புடிச்சது கெடைக்கும்னு அதுக்குத் தெரியணும்” என்றாள் சுமித்ரா.

வீட்டுக்கு வந்ததும் என் கண் பூஜை அலமாரிக்குத்தான் போனது.

மணியின் நாக்கில் பழைய வேட்டித் துணியைச் சுற்றி, ‘டொக்’ என்று ஒரு தடவை. உடனே ஒரு சின்னத் தேங்காய்ச் சில்லு. முதல் நாள் கட்டிலுக்கடியில் ஓடி ஒளிந்தாள். பிறகு தலையை நீட்டினாள். பிறகு தேங்காய்க்காக வந்து உட்கார்ந்தாள். துணியை ஒவ்வொரு சுற்றாகக் குறைத்தேன். நாய்க்காக சாமி மணியை அடிக்கலாமா என்று மனசு உறுத்தத்தான் செய்தது. பைரவர் பக்கத்தில் நிற்பது யாராம் என்று நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். மணிக்குப் பிறகு மிக்ஸி. அதற்குப் பிறகு பக்கத்து வீட்டு ஹேர் டிரையர் — கடைசி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு.

நடுவில் நைட் ஷிஃப்ட் வாரம் வந்துவிட்டது.

“ஏம்மா, நாய்க்கோசரம் மனுசன் தூங்க வேணாமா?”

“உங்க தூக்கம் நாளைக்கும் வரும்ங்க. அதுக்கு மூச்சு போனா வருமா?”

திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் காலை வேலை முடிந்து வந்தவர், பாக்கெட்டிலிருந்து இரண்டு மஞ்சள் பஞ்சை எடுத்துக் காதில் திருகினார். பிரஸ் ஷாப் சத்தத்துக்குக் கம்பெனியில் கொடுப்பது.

“அங்கியும் இதான், இங்கியும் இதான். அடிச்சுக்க உன் மணிய!”

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். சுமித்ரா கதவைத் திறந்து, “உள்ள வாங்க அக்கா. அது கண்ணு முன்னாடியே நில்லுங்க” என்றாள். புஜ்ஜியின் காதுகளை மூடி ஒரு துணிப்பட்டை போட்டிருந்தாள் — பனியில் மஃப்ளர் கட்டிய பால்காரர் மாதிரி. நான் மணியை வெளியே எடுத்தேன்.

பெரிய நாயோடு காத்திருந்த ஒருவர், “பூஜைங்களா மேடம்?” என்றார்.

“ஆமாங்க” என்றேன். வேறென்ன சொல்ல?

மணி. தேங்காய். டிரையர் — குறைந்த வேகத்தில், வால் பக்கத்திலிருந்து. புஜ்ஜி நடுங்கினாள். நான் அவள் நாக்கை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பு... சிவப்பு... இன்னும் சிவப்புதானே? மூச்சு வாங்கத் தொடங்கினால் சுமித்ரா நிறுத்திவிடுவாள். மறுபடி மணி, மறுபடி தேங்காய். முதுகு காய்ந்தது. வயிறு காய்ந்தது. கழுத்துக்கு வந்தபோது புஜ்ஜிக்கு உடம்பு விறைத்துவிட்டது.

“போதும்மா... விட்டுடும்மா.”

“சரி அக்கா. கழுத்த துண்டுல ஒத்தி எடுத்துக்கலாம்.”

நாக்கு கடைசி வரை நீலமாகவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பயத்தை ஒரேயடியாக உருவிப் போட முடியாது. மணித்துணி மாதிரி, ஒவ்வொரு சுற்றாகத்தான் அவிழ்க்க வேண்டும் போலிருக்கிறது.

மணியைப் புளி போட்டுத் துலக்கி வைத்தேன். மறுநாள் காலை தீபாராதனைக்குத் துணி இல்லாமலே அடித்தேன். தேங்காய்க்கு ஓடி வந்தாள் புஜ்ஜி. காதில் பஞ்சோடு அவர் நல்ல குறட்டை.

முருகன்தான் பாவம் — தூங்குகிறவரை எழுப்பக் கூடாதென்று, இத்தனை வருஷமாக அவரும் அல்லவா சத்தமில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்!