மாஸ்டர் அடித்த பெல்

அந்தப் பெல்லை மாஸ்டர் நேரம் முடிந்ததென்று அடிக்கவில்லை, என் வாயை மூடத்தான் அடித்தார். டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரில், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி கவிதைப் போட்டிக்கு வாடகைக்கு எடுத்த மண்டபத்தில், 'பற்றீஸ்' பொரித்த மணத்துக்கும் ஈர ஜாக்கெட்டுகளின் மணத்துக்கும் நடுவே எழுந்த அந்த 'டிங்' இன்னும் என் காதில் இருக்கிறது.

எனக்குப் பதின்மூன்று வயது. அண்ணனின் அறையிலிருந்து சுவரைத் தாண்டி வந்த அமெரிக்க ராப் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு, ஒரு வரிக்குள்ளேயே சொற்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடுவதைக் கண்டு, இது மாஸ்டர் படிப்பித்த எதுகையும் மோனையும்தானே என்று துள்ளினேன். மீன் தொழிற்சாலையில் நின்று நின்று கால் வீங்கி வரும் அம்மாவைப் பற்றி, அந்தத் தாளத்தில் தமிழில் எழுதினேன்.

மேடையில் நாலாவது வரியிலேயே பெல் அடித்தது. நான் நிற்கவில்லை. மறுபடி அடித்தார். அதையே தாளமாக்கித் தொடர்ந்தேன். பின்வரிசைப் பிள்ளைகள் கதிரைகளில் தட்டினார்கள்.

"பிள்ளை, இறங்கும். உது கவிதையில்லை, கறுவல்களின்ரை கூச்சல்."

பள்ளிக்கூடத்தில் டெனிஷ் பிள்ளைகள் என்னையும் நிறம் சொல்லித்தான் கூப்பிட்டார்கள்.

"எதுகை மோனை நீங்கள்தானே மாஸ்டர் படிப்பிச்சனீங்கள்?"

"அது எங்கடை சொத்து. றோட்டிலை கத்திறவைக்கு இல்லை."

மைக்கை நிறுத்திவிட்டார்கள். வீடு திரும்பும்போது காரில் அம்மா, "என்ரை வீங்கின காலைப் பாதிப் பாட்டோடை சபையிலை விட்டிட்டு வந்திட்டாய், இனி எப்ப போய் எடுக்கிறது?" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

பல வருடங்கள் கழித்து, பள்ளியின் இவ்வருட விழா மலரில் அதே மாஸ்டர் கட்டுரை எழுதியிருக்கிறார். இன்றைய அமெரிக்கக் கவிதைக்குப் புது மூச்சு ஹிப் ஹாப்பிலிருந்து வந்ததாம். வரிக்குள் அடுக்கும் ஓசை, தெருப் பேச்சு, தாளைப் பாராமல் நின்று சொல்லும் துணிவு எல்லாம் அங்கே கற்றவையாம். அவ்வளவும் உண்மை. அந்தக் கவிஞர்களிடமும் யாரோ ஒருவர் இறங்கச் சொல்லியிருப்பார், அவர்கள் இறங்கவில்லை. கடைசியில் மாஸ்டர் கேட்கிறார்: நம் டென்மார்க் இளையோர் ஏன் தமிழில் இப்படி எழுதுவதில்லை?

அந்த மண்டபம் இன்று கார் நிறுத்துமிடம். அன்று கதிரையில் தட்டியவர்களில் ஒருவரும் தமிழில் எழுதுவதில்லை. என் மகள் ராப் எழுதுகிறாள், டெனிஷில். அவளுடைய அம்மம்மாவின் காலைப் பற்றி நான் எழுதிய வரிகள் அவளுக்கு விளங்காது.

தெரியாதவர்போல் கேட்காதீர்கள், மாஸ்டர். அடுத்த விழாவில் மேடை ஏறி, அன்று என்னை ஏன் இறக்கினீர்கள் என்று எல்லோர் முன்னாலும் மைக்கில் சொல்லுங்கள். நீங்கள் சொல்லி முடிக்கும்வரை ஒருவரும் பெல் அடிக்கமாட்டார்கள்.