மஞ்சள் கார்னேஷன்

லிங்கசாமிக்கு நிறம் பார்ப்பதுதான் வேலை. திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் லேபில் இருக்கிறார். வெளிநாட்டிலிருந்து வரும் துணித்துண்டின் நிறத்தை அச்சு அசலாகக் கொண்டுவர வேண்டும். ஒரு சொட்டு நீலம் கூடினாலும் அவர் கண் கண்டுபிடித்துவிடும்.

போன தை மாதம் அன்னையர் தினத்துக்கான பனியன் ஆர்டர் ஒன்று வந்தது. கார்னேஷன் பூவின் நான்கு நிறங்கள்: வெள்ளை, ரோஸ், அடர்சிவப்பு, மஞ்சள். மஞ்சள் முதல் தடவையிலேயே அமைந்துவிட்டது. ஆனால் மறுவாரம் கவிப்பிரியா, அந்த ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் பெண், மஞ்சளை மட்டும் நிறுத்தச் சொன்னாள்.

"ஷேடு சரியில்லீங்களா கண்ணு?"

"ஷேடெல்லாம் ஓகேங்கண்ணா. அர்த்தந்தான் ஒத்து வரலையாம்." போனைப் பார்த்துப் படித்தாள். "ரோஸ்னா அம்மாவோட மாறாத பாசம். வெள்ளை, தவறிப்போன அம்மாவுக்கு வெக்கறது. அடர்சிவப்பு, ஆழமான அன்பு. மஞ்சள் குடுத்தா நீ எனக்கு வேண்டாம்னு அர்த்தமாம். தெரியாம சேத்திட்டாங்களாம்."

லிங்கசாமி கையிலிருந்த துணியை மேசைமேல் வைத்தார். அதற்கப்புறம் அன்று அவருக்கு வேலை ஓடவில்லை.

1999 மே மாதம். கம்பெனியில் எல்லோரையும் ஊட்டி மலர்க் கண்காட்சிக்குக் கூட்டிப்போனார்கள். ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்த சித்ராதேவி, புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால் அவரிடம் வந்து, "எங்க ஊட்டுல மாப்பிள்ளை பாக்கறாங்க. உங்க மனசுல என்ன இருக்குதுன்னு ஊட்டியிலயாவது சொல்லிப்போடுங்க" என்றிருந்தாள்.

அவருக்கு வாய் வரவில்லை. ஏரிக்கரைக் கடையில் விதவிதமான கார்னேஷன்கள். சிவப்பைத் தொட்டவர், பிறகு மஞ்சளை எடுத்தார். தாலிக்கயிற்றின் நிறம், கல்யாணப் பத்திரிகையின் ஓரத்தில் தடவும் நிறம். இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? பஸ் ஏறும்போது அவள் கையில் கொடுத்துவிட்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல் பின் சீட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்த வாரமே சித்ராதேவி வேலையை விட்டாள். ஆவணியில் வெள்ளகோவிலில் கல்யாணம் என்று கேள்விப்பட்டார். தன்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். இரண்டு வருடம் கழித்து மைதிலியைக் கட்டினார்.

வெளிநாட்டுக் கடிதங்களையெல்லாம் டைப் அடித்தவளாயிற்றே, சித்ராதேவிக்கு அந்த அர்த்தம் தெரிந்திருக்குமோ? கவிப்பிரியா சொன்ன அன்று சாயங்காலம் வீட்டில் காபியைக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தவரை மைதிலி துருவித் துருவிக் கேட்டாள். சொல்லிவிட்டார்.

 மைதிலி கீரையை ஆய்ந்து முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"போயிச் சொல்லிப்போட்டு வந்தர்லாங்க."

"இப்பப் போயி எதுக்கு?"

"வேண்டாம்னு மூஞ்சிக்கு நேரா குடுத்தீங்கன்னு இத்தன வருசமா அந்தம்மா நெனச்சிட்டிருந்தா? நானும் வர்றனுங்க."

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் வெள்ளகோவிலுக்குப் போனார்கள். சித்ராதேவி பள்ளிக்கூடத்து ஆபீஸில் வேலை பார்ப்பதாகத் தெரிந்தவர்கள் சொல்லி, வீட்டுக்கு வழியும் காட்டியிருந்தார்கள். அவளுக்கு முன்தலை நரைத்திருந்தது. லிங்கசாமியைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு, "வாங்க, வாங்க" என்று நாற்காலி எடுத்துப் போட்டாள். அவர் தடுமாறித் தடுமாறி மஞ்சள் பூவின் விஷயத்தைச் சொல்லி முடித்தார்.

"என்ற மேசைக்கு மேல லண்டன் கம்பெனி காலண்டர் ஒண்ணு தொங்குமுங்க" என்றாள் சித்ராதேவி. "ஒவ்வொரு பூவுக்கும் அர்த்தம் போட்டிருக்கும். நீங்களும் அதப் பாத்துத்தான் வாங்குனீங்கன்னு நெனச்சனுங்க."

"நான் உங்க மேசைப் பக்கம் வந்தா காலண்டரையா பாத்தேன்?"

சித்ராதேவி சிரித்தாள். பிறகு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தப் பூவத் தண்ணியில போட்டு வெச்சிருந்தனுங்க. பத்து நாளாகியும் வாடுல. பாக்கப் பாக்க ஆத்திரமா வந்துது. வாடியிருந்தா ஆத்திரமும் அடங்கி, ஒருக்கா உங்ககிட்டயே வந்து கேட்டிருப்பனோ என்னமோ."

 மைதிலிதான் பேச்சை மாற்றினாள். பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், வீட்டுக்காரருக்கு என்ன வேலை என்று கேட்டாள். அவருக்குத் தேங்காய் எண்ணெய் ஆலை, மகள் கோயமுத்தூரில் நர்ஸ். பேச்சு வளர்ந்தது. சித்ராதேவி சாப்பிடாமல் விடவில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மைதிலி, காங்கேயம் தாண்டியதும் சொன்னாள்: "நல்ல மனுசிங்க."

"ஆமா" என்றார் லிங்கசாமி. வெயில் மைதிலியின் முகத்தில் அடித்தது. அவள் பக்கத்துத் திரையை இழுத்துவிட்டார்.