ஆப்பிள் சிர்க்காவும் வராத கப்பலும்

என் வீட்டுக்காரருக்குச் சீனி வியாதி என்று தெரிந்தபோது எங்களுக்கு அந்தமான் போர்ட் பிளேயரில் ஒரு மரவீடும், பஜாரில் ஒரு துணிக்கடையும், கொல்லையில் கொஞ்சம் கோழிகளும் இருந்தன. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், ஆஸ்பத்திரியில் டாக்டர் பேசப் பேச இவை ஒவ்வொன்றாக என் கையை விட்டுப் போவதாகவே எனக்குத் தோன்றியது.

டாக்டர் நல்ல மனுஷர், மலையாளி. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். "மாத்திரை தர்றேன். சாப்பாட்டுக்குப் பிறகு செய்யுற மூத்திர டெஸ்டில இதே மாதிரி செங்கல் நிறமே வந்துக்கிட்டிருந்தா இங்க வச்சுப் பார்க்க முடியாது. மெயின்லேண்ட் போயி பெரிய ஆஸ்பத்திரியில ஊசி ஆரம்பிக்கணும். கொஞ்ச காலம் அங்கேயே இருக்க வேண்டி வரும்."

மெயின்லேண்ட் என்றால் முதலில் மெட்ராஸ் ஆஸ்பத்திரி, பிறகு ராமநாதபுரம் பக்கத்தில் மாமியார் வீடு. அந்த வீட்டில் மருமகள்கள் எல்லோருக்கும் ஒரே அடுப்பு. உப்புப் போடுவதற்குக்கூட மாமியின் கண் ஜாடை வேண்டும். கல்யாணமாகி அங்கே நான் இருந்த காலத்தில் எனக்குப் பிடித்த மாதிரி ஒரு குழம்பு, எங்கள் பேச்சில் ஆணம், வைத்ததில்லை. கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்த பிறகுதான் நான் வைத்தது ஆணம், நான் சொன்னது நேரம் என்று ஆனது. அதை விட்டுப்போக எனக்கு மனசில்லை. மனுஷனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயமும் இருந்தது. இரண்டும் சேர்ந்து என் கோபத்தை ஏற்றிவிட, பார்த்தவர் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன்.

டெஸ்ட் செய்ய ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் எனக்குக் கற்றுக்கொடுத்தார். கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, சில சொட்டு மூத்திரம் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்ச வேண்டும். நீலம் நீலமாகவே இருந்தால் சீனி இல்லை. பச்சை என்றால் கொஞ்சம், மஞ்சள் என்றால் அதைவிட அதிகம். செங்கல் நிறம் என்றால் கேட்கவே வேண்டாம்.

"இந்த அசிங்கத்தை அடுப்படிக்குள்ள கொண்டு வந்தீங்க, அப்புறம் நான் மனுசியா இருக்க மாட்டேன் மச்சான்" என்றேன்.

"ஏ புள்ள, டாக்டரு சொன்னது."

"டாக்டரு வந்து என் அடுப்படியைக் கழுவித் தருவாரா?"

கோழிக்கூண்டுக்கு மேலே ஒரு பலகை அடித்துக் கொடுத்தார். அதுதான் எங்கள் ஆய்வுக்கூடம். மத்தியானம் சாப்பிட்டு, சற்றுக் கண்ணயர்ந்து எழுந்து, சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்கு முன்னால் டெஸ்ட். நான் முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு காய்ச்சுவேன். கோழிகள் கீழேயிருந்து கழுத்தை நீட்டிப் பார்க்கும். அவர் தூணில் சாய்ந்துகொண்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளை போல என் முகத்தையே பார்ப்பார். செங்கல், மறுநாளும் செங்கல்.

அந்தச் சமயத்தில்தான் சிர்க்கா, அதாவது வினிகர், வந்தது. மெயின்லேண்ட் கப்பலில் சமையல் வேலை பார்க்கும் பண்டாரி ஒருவர் எங்கள் ஊர்க்காரர். கப்பல் வரும்போதெல்லாம் கடைக்கு வந்து போவார். என் வீட்டுக்காரரின் கதையைக் கேட்டுவிட்டு, ஆப்பிள் படம் ஒட்டிய ஒரு புட்டியைக் கொடுத்தார். கல்கத்தாவில் வாங்கியதாம். சோறு தின்னுமுன் தண்ணீரில் கலந்து குடித்தால் சீனி ஏறாது என்று யாரோ ஒரு வெள்ளைக்காரப் பயணி அவரிடம் சொல்லியிருந்தானாம். ஆப்பிளை நான் காலண்டரில்தான் பார்த்திருந்தேன். ஆனால் நபிகள் விரும்பியது என்று சிர்க்காவுக்கு எங்கள் ஆட்களிடம் தனி மரியாதை உண்டு. அதனால் என் வீட்டுக்காரர் மறுபேச்சுப் பேசாமல் பிஸ்மி சொல்லிக் குடித்தார். முகத்தை எட்டுக் கோணலாக்கினார்.

"எப்படி இருக்கு?"

"ஆப்பிளு இப்படித்தான் இருக்கும்னா அதைத் திங்கிறவன் பாவம் புள்ள."

டாக்டரிடமும் கேட்டோம். மாத்திரையை நிறுத்தாமல் என்ன வேண்டுமானாலும் குடியுங்கள் என்று சிரித்தார்.

பண்டாரியின் கப்பல் போனது. அடுத்து வர வேண்டிய கப்பல் வரவில்லை. இது இங்கே புதிதல்ல. கல்கத்தாவில் மெஷின் ரிப்பேர் என்றார்கள், புயல் என்றார்கள், ஆளுக்கொரு கதை. அப்படிப்பட்ட நாட்களில் இந்த ஊரில் சலாம், நமஸ்தே எல்லாம் போய்விடும். வங்காளியோ தெலுங்கரோ மலையாளியோ, எதிரே வருகிறவர் கேட்பது ஒன்றுதான்: "ஜஹாஜ் ஆயா?" கப்பல் வந்ததா? பதிலும் ஒன்றுதான்: "நஹி ஆயா." அதைச் சொல்லிவிட்டு இருவரும் துறைமுகத்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு நடப்பார்கள்.

கடைகளில் அரிசி அடியைத் தொட்டது. உருளைக்கிழங்கும் வெங்காயமும் கண்ணில் படவில்லை. மீனுக்கும் தேங்காய்க்கும் மட்டும் இங்கே எப்போதும் குறைவில்லை. கராச்சர்மா கிராமத்துப் பக்கத்திலிருந்து முருங்கைக்கீரையும் பப்பாளிக்காயும் பஸ்ஸில் வந்தன. நான் ஆளுக்கு ஓர் அகப்பைச் சோறு என்று வைத்தேன். மற்றதெல்லாம் மீனும் கீரையும். அவரும் முணுமுணுக்கவில்லை, ஊரே அப்படித்தானே தின்றது.

குழாயில் மஞ்சள் வந்தது. பிறகு பச்சை. ஒரு நாள் காய்ச்சிக் காய்ச்சிப் பார்க்கிறேன், நீலம் நீலமாகவே நிற்கிறது! "மச்சான்!" என்று நான் போட்ட கூச்சலில் கோழிகள் சிதறின. அவர் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. புட்டியை எடுத்து ஆப்பிள் படத்தைத் துடைத்து, குர்ஆன் வைத்திருக்கும் அலமாரிக்குக் கீழ்த்தட்டில் மரியாதையாக வைத்தேன்.

ஒரு காலை ஹாரன் கேட்டது. கப்பல்! ஊரே ஜெட்டிக்கு ஓடியது. கப்பல் வந்த நாளில் இங்கே எந்த வீட்டிலும் அரை வயிறு கிடையாது. அரிசி மூட்டை பிரியும், வெங்காயம் வதங்கும் மணம் தெருவெல்லாம் ஏறும். அதற்குக் கப்பல் சோறு என்று நாங்களே பெயர் வைத்திருந்தோம். நானும் நெய்ச்சோறு ஆக்கினேன், உருளைக்கிழங்கு போட்டுக் கறி வைத்தேன். அவர் சிர்க்காவை வழக்கத்தைவிட ஒரு மடக்கு அதிகமாகவே குடித்துவிட்டு உட்கார்ந்தார். கேட்டுக் கேட்டு வாங்கித் தின்றார். நானும் மனசாரப் போட்டேன்.

அன்றைக்குச் செங்கல் நிறம். மறுநாளும் அதேதான். புட்டி பழசாகிவிட்டது போலிருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம். வந்த கப்பலில் பண்டாரி புதுப் புட்டி கொண்டுவந்திருந்தார். அதைக் குடித்தும் செங்கல்தான்.

டாக்டர் இந்த முறை சிரிக்கவில்லை. "இந்தக் கப்பல் திரும்பும்போது போயிடுங்க" என்றார்.

என் வீட்டுக்காரர் டிரங்குப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினார். கடையைப் பார்த்துக்கொள்ள யாரிடம் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார். நான் கோழிக்கூண்டைக் கழுவினேன். நான் சண்டை பிடிக்காமல் வேலை பார்த்தால் அது கெட்ட சகுனம் என்று அவருக்குத் தெரியும்.

அப்போது பக்கத்து வீட்டு வங்காளிப் பெண் வழியனுப்ப வந்தாள். அவள் மாமனாருக்கும் சீனிதான். ஆஸ்பத்திரிக்குப் போய் டெஸ்ட் செய்துகொள்வார். எங்கள் சிர்க்கா கதையைச் சொன்னதும் அவள் கண்ணை அகல விரித்தாள்.

"பாபி, ஹமாரா ஸசுர் கா பீ ஹரா ஆயா தா. ஜப் ஜஹாஜ் நஹி ஆயா, தப்."

கப்பல் வராத நாட்களில் அவள் மாமனாருக்கும் பச்சைதான் வந்ததாம். கப்பல் வந்ததும் சிவந்துவிட்டதாம். அந்தக் கிழவர் சிர்க்காவைக் கண்ணால்கூடக் கண்டதில்லை.

எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. அட ஆண்டவனே! ஆப்பிளா செய்தது? அகப்பையல்லவா செய்தது!

மத்தியானம் அவர் பீங்கான் தட்டில் ஓர் அகப்பைச் சோறு வைத்தேன். பக்கத்தில் மீன், கீரை.

"என்னா புள்ள இது? அரிசிதான் மூட்டை மூட்டையா வந்து கெடக்குதே."

"கெடக்கட்டும்."

"ஊர்ல அத்தனை பேரும் வயிறாரத் திங்கிறான். எனக்கு மட்டும் என்ன பஞ்சம்? ஊருக்குப் போறவரைக்குமாவது நல்லாப் போடு."

அவ்வளவுதான், எனக்குப் பொறுமை உடைந்துவிட்டது. "போறேன் போறேன்னு பொட்டியைத் தூக்கி வச்சிட்டீங்களே, என்னைக் கேட்டீங்களா? அந்த அடுப்படியில போயி நான் மறுபடியும் கைகட்டி நிக்கணுமா? நீங்க எங்கேயோ ஆஸ்பத்திரியில கெடப்பீங்க, நான் என்னா ஏதுன்னு தெரியாம அங்க ஒக்காந்திருக்கணுமா? எனக்கு நீங்க வேணும் மச்சான். இந்த வீட்டுல வேணும். சோறு என்னா பெரிய சோறு!"

அவர் என்னைப் பார்த்தார், பீங்கானைப் பார்த்தார். அந்த ஓர் அகப்பையைத் தின்றுவிட்டு எழுந்தார். இரண்டொரு நாளில் பச்சை வந்தது. குழாயைத் தூக்கிக்கொண்டு, அவரையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனேன். டாக்டர் அங்கே ஒருமுறை தானே டெஸ்ட் செய்து பார்த்துவிட்டு, "சரி, இந்தக் கப்பல் போகட்டும். இப்படியே இருந்தா ஊசி வேண்டாம்" என்றார். டிரங்குப் பெட்டி பரணுக்குத் திரும்பிப் போனது. மிச்சச் சிர்க்காவில் பச்சை மாங்காய் ஊறுகாய் போட்டேன். சும்மா சொல்லக்கூடாது, அதற்கு நன்றாக இருந்தது.

அடுத்த கப்பல் நேரத்துக்கு வந்தது. நாங்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். ஹாரன் வீட்டுப் பலகையெல்லாம் அதிர ஊதியது. தெருவில் பிள்ளைகள் "ஜஹாஜ் ஆயா! ஜஹாஜ் ஆயா!" என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். யார் வீட்டிலோ அதற்குள் வெங்காயம் வதங்கத் தொடங்கியிருந்தது. என் கை அகப்பையோடு அப்படியே நின்றுவிட்டது.

அவர் தன் பீங்கானில் இருந்த சோற்றைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, பஜாரில் எவனோ ஒருவனை விசாரிப்பது போல என்னிடம் கேட்டார்.

"ஜஹாஜ் ஆயா?"

"நஹி ஆயா மச்சான்" என்றேன்.

"சரி, அப்ப இன்னொரு துண்டு மீன் வை" என்றார்.