தாழ்ப்பாள் காத்த வாசல்

"பையில என்னம்மா?"

"துணிமணி, ரெண்டு புத்தகம்."

"கூர்மையா ஏதாவது?"

"கத்தரிக்கோல் இருக்கு. நான் புதுசா வந்த நர்ஸ்."

"மந்திரியா இருந்தாலும் தொட்டியில போட்டுட்டுதான் உள்ள போகணும். அங்க வேற தருவாங்க."

"தண்ணியில துருப்பிடிச்சிடுமே?"

"பிடிக்கட்டும்னுதான் ரொப்பி வெச்சிருக்கேன்."

தீவு ஆஸ்பத்திரியில் அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று காவலாளியோடு நடந்த பேச்சு இது. ஊரே அவரைத் தாழ்ப்பாள் என்றுதான் கூப்பிட்டது. சிரிக்காமல் கேலி பேசுகிற மனிதர் என்று தெரிய அவளுக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

வலை போடும் இடத்துக்காகத் தீவின் வடகரையும் தென்கரையும் வெட்டிக்கொள்ளும். வெட்டியவனும் வெட்டுப்பட்டவனும் இந்த ஒரே வார்டுக்குத்தான் வந்தாக வேண்டும். தாழ்ப்பாளும் முன்பு வலைக்காரர்தான். கையில் கட்டோடு படுத்திருந்த அவருடைய அண்ணனை இதே வார்டுக்குள் புகுந்து குத்திக் கொன்றார்கள். அதன்பிறகு கடலை விட்டுவிட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டார். கத்தியோ அரிவாளோ மீன் கொக்கியோ, வெளியே இருக்கும் சிமெண்டுத் தொட்டியில் விழுந்தால்தான் குறுக்குக் கம்பியை எடுப்பார்.

கடல் கொந்தளித்த ஒரு மத்தியானம், அவருடைய மருமகனையே பலகையில் போட்டுத் தூக்கி வந்தார்கள். தோளிலிருந்து மார்புவரை பிளந்திருந்தது. அவள் துணியை வைத்து அழுத்த அழுத்த, ரத்தம் விரலிடுக்கில் பொங்கியது. டாக்டர் தையல் போட்டுக்கொண்டிருக்கும்போதே உயிர் போய்விட்டது. அவனை வெட்டியவன் பக்கத்துக் கட்டிலில், குடல் சரிந்த வயிறோடு முனகிக் கிடந்தான். அக்கரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் பிழைப்பான். அலை அடங்காமல் படகு கிளம்பாது.

தாழ்ப்பாள் உள்ளே வந்து மருமகனின் கண்களை மூடினார். திரும்பி வாசலுக்கே போனார். அதற்குள் அவருடைய மகன் கொக்கியோடு வந்து நின்றான். ஜன்னலருகே நின்ற அவளுக்கு எல்லாம் கேட்டது.

"கேட்டைத் திறப்பா."

"அதைத் தொட்டியில போடு. மச்சான் முகத்தைப் பாத்துட்டு வரலாம்."

"அக்கா அங்க மண்ணுல விழுந்து கதறுறா. நீ அவனுக்குக் காவல் நிக்கிற. வெக்கமா இல்ல?"

"இருக்கு. கொக்கியைப் போடு."

"நீ யார் பக்கம்பா?"

"கேட்டுப் பக்கம்."

மகன் கேட் மேல் ஏறி உள்ளே குதித்தான். மறித்த அப்பாவை நோக்கியே கொக்கியை ஓங்கினான். அது இறங்குவதற்குள் அவர் உருவிய குறுக்குக் கம்பி அவன் வலது மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் ஜன்னல்வரை வந்தது. விழுந்தவன் இடது கையால் கொக்கியைத் துழாவினான். அவர் அதைப் பிடுங்கிக் கேட்டுக்கு மேலாகத் தொட்டிக்குள் வீசினார். பிறகு அவனைத் தோளில் சாய்த்துத் தானே உள்ளே கூட்டி வந்தார்.

அவள் மாவுக்கட்டுப் போடும்போது மகன் அப்பாவைப் பார்க்கவே இல்லை. பார்வை முழுக்க வெட்டியவன் கிடந்த கட்டிலில்தான். இடது கை விரல்கள் மடங்கி மடங்கி விரிந்தன.

தாழ்ப்பாள் அவளை வராந்தாவுக்கு அழைத்தார். அதுவரை அவர் அவளிடம் தனக்காக எதுவும் கேட்டதில்லை.

"ஒரு உதவி சிஸ்டர். அந்தக் கையிலயும் கட்டுப் போட்டுடுங்க."

"அது நல்லாத்தானே இருக்கு?"

"அதனாலதான் கேக்கறேன். படகு கிளம்புற வரைக்கும் போதும். சாப்பாடு நான் ஊட்டிவிட்டுக்கறேன்."