இரண்டாவது ஆளின் ஒப்புதல்

வடகரப்பதியில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்துதான் நான் வேலை பார்க்கிறேன். செயலிகளின் புதிய வடிவங்களைக் கிளவுடில் ஏற்றுவதற்கென்று எங்களிடம் ஒரு மென்பொருள் இருக்கிறது. எதை, எப்போது, யார் ஏற்றலாம் என்ற விதிகளை அதற்குள் எழுதிவைப்பது என் பொறுப்பு. மென்பொருளில் இல்லாத சில்லறை வேலைகளை நாமே எழுதிச் சேர்க்கலாம்; அதைக் கஸ்டம் டாஸ்க் என்போம்.

போன மழைக்காலத்தில் ஒரு விதி போட்டேன். மாற்றம் செய்தவரே அதை ஏற்றக் கூடாது. இன்னொருவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். எனக்கு ஒப்புதல் தரும் ஆள் சாந்தன்பாறையிலிருந்து வேலை பார்க்கும் ஒரு பெண். சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. என்னை அக்கா என்பாள்.

ஒரு மாதத்துக்குள் அந்த விதியில் நானே மாட்டிக்கொண்டேன். ஒரு மருத்துவமனையின் டோக்கன் செயலி, காலையில் ஒரே எண்ணை இரண்டு பேருக்குக் கொடுக்கத் தொடங்கியது. வரிசையில் தகராறு. அரை மணி நேரத்தில் சரிசெய்துவிட்டேன். காத்திருப்போர் பட்டியலைப் பத்திரமாக எடுத்துவைத்து, புது வடிவம் ஏறியதும் திரும்ப வைக்க ஒரு டாஸ்க்கும் எழுதினேன். ஒப்புதல் மட்டும் பாக்கி. அவளோ போனில் கிடைக்கவில்லை. சாந்தன்பாறையில் மழை, கரண்டும் இல்லை, ரேஞ்சும் இல்லை.

பத்து நிமிடம் அந்த விதியை நிறுத்திவை, ஏற்றிவிட்டுத் திரும்பப் போடு என்று கொச்சியிலிருந்து மேலாளர் மலையாளத்தில் கெஞ்சினார். அந்த அதிகாரம் என் கையில்தான் இருந்தது. தோட்டத்திலிருந்து சாப்பிட வந்த கணவரும் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஏம்மிணி, நீ போட்ட பூட்டுத்தான? நீயே தொறந்துக்க வேண்டீதுதான" என்றார்.

"மொத மொறையே நான் தொறந்துட்டா அப்பறம் ஆருங்க மதிப்பாங்க?"

வாய்தான் அப்படிச் சொன்னது. விரல் இரண்டு தடவை மவுஸ் மேல் போய்த் திரும்பியது.

என் குறுஞ்செய்தி எப்படியோ அவளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஜீப் பிடித்து, ரேஞ்ச் கிடைக்கும் பூப்பாறைக்கு வந்து, ஒரு டீக்கடையில் லேப்டாப்பைத் திறந்தாள். கால் மணி கழித்துக் கூப்பிட்டாள்.

"அக்கா, இதுக்கு நான் சரி போட மாட்டேன். உங்க டாஸ்க்ல நாலாவது வரியப் பாருங்க. டெஸ்ட் சர்வர்ல இருந்துல்ல பட்டியல எடுக்குது."

பார்த்தேன். சோதனைக்காகப் போட்ட முகவரியை மாற்ற மறந்திருந்தேன். அந்தச் சோதனைப் பட்டியலில் நோயாளிகளுக்கு நான் வைத்திருந்த பெயர்கள் தக்காளி, முருங்கை, பாகற்காய். ஏற்றியிருந்தால் காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் மறைந்து, டாக்டர் அறைக்குப் பாகற்காயை அழைத்திருப்பார்கள்.

திருத்தினேன், ஒப்புதல் தந்தாள். சற்று நேரத்தில் வரிசை ஒழுங்காக நகர்ந்தது. அவளுக்குத் திரும்பிப் போக உடனே ஜீப் இல்லாததால் பேசிக்கொண்டிருந்தோம். எவ்வளவு கவனமாகப் படித்திருக்கிறாய் என்று பாராட்டினேன்.

"உண்மையச் சொல்லட்டாக்கா? இதுவரைக்கும் உங்க மாத்தம் எதையும் நான் படிச்சதில்ல. நீங்க செஞ்சா சரியாத்தான் இருக்கும்னு ஒப்புதல் பட்டன அமுக்கிருவேன். இன்னைக்கு நெட்டு இழுத்து, அந்தப் பட்டன் வர லேட்டாச்சு. சும்மா இருக்க முடியாமப் படிச்சேன்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவளுடைய மாற்றங்களுக்கு நான் ஒப்புதல் தந்த லட்சணமும் அதுதான். மறைக்காமல் சொன்னேன். மேலாளரிடம் இருவருமே வாய் திறக்கவில்லை. இனி ஒரு கேள்வியாவது கேட்காமல் ஒப்புதல் தருவதில்லை என்று பேசிவைத்தோம். இப்போதெல்லாம் அவள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்வதிலேயே எனக்குப் பாதிக் காலை போய்விடுகிறது.