அண்ணனுக்கும் ஒரு கிண்ணம்

மெய்லிங் அன்ரி இறந்த செய்தி ஒரு சனிக்கிழமை காலையில் வந்தது. ரெலிபோனில் அவருடைய மகன் டேவிட். ஆக்லாந்தின் மறுகோடியில், பாட்டனி டவுன்ஸில் இருப்பவர். தன் அம்மா போய்விட்டதை ஆங்கிலத்தில் இரண்டே சொல்லில் சொன்னார். நான் ஆறுதலாக ஏதோ தொடங்கியபோது குறுக்கிட்டு, வீட்டுக் கண்ணாடிகளை எந்த நிறத்தால் மூடவேண்டும் என்று கேட்டார். உடலை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரப் போகிறார்களாம். சவப்பெட்டி கண்ணாடியில் தெரியக்கூடாது என்று அம்மா எப்போதோ சொன்னது மட்டும் நினைவிருக்கிறதாம். மிச்சத்தை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லையாம்.

கண்ணாடிகளுக்கு வெள்ளைத் துணி, சாமி மேடைக்குச் சிவப்புத் தாள் என்று, அன்ரியிடமே முன்பு கேட்டதை வைத்துச் சொன்னேன். சீன வீட்டுப் பிள்ளை யாழ்ப்பாணத்துப் பெண்ணிடம் இதைக் கேட்டது இப்போது எழுதும்போதுதான் விசித்திரமாகப் படுகிறது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மெய்லிங் அன்ரி மலேசியாவில், பேராக்கில், ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். தகப்பனார் அங்கே மளிகைக் கடை வைத்திருந்தார். தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்ததால் தமிழ் அவருக்குக் கடையிலும் தெருவிலும் வந்த மொழி. கலியாணமாகி ஆக்லாந்துக்கு வந்த பின் அதைப் பேச ஆளில்லாமல் போயிற்று. நாங்கள் மவுண்ட் ஆல்பர்ட்டில் ரெயில் பாதைக்குப் பக்கத்து மரவீட்டை வாடகைக்கு எடுத்தபோது, வேலிக்கு அப்பால் இருந்தவர் அவர்தான்.

தொண்ணூற்றிரண்டில் என் அம்மா ஊரிலிருந்து வந்து சேர்ந்தார். நான் வேலைக்குப் போனால் பகல் முழுவதும் அவருக்குத் தனிமைதான். ஒருநாள் கொடியில் உடுப்புக் காயவிடும்போது வேலிப் பக்கமிருந்து, "அக்கா, இங்க வெயில நம்பாதீங்க லா. மழை வருது, எடுத்திடுங்க" என்று மலேசிய வழக்கில் ஒரு குரல் கேட்டதாம். திரும்பிப் பார்த்தால் ஒரு சீனப் பெண்மணி. அம்மா பயந்துபோய் உள்ளே ஓடி வந்து கதவைப் பூட்டிவிட்டார். சொன்னபடி மழை வந்தது. உடுப்பெல்லாம் நனைந்தது. மாலையில் நான் விசாரித்தபோது, "உந்த வீட்டிலை தமிழ் கதைக்கிற ஆவி ஒண்டு இருக்குது" என்றார். அவர் அதைச் சிரிக்காமல்தான் சொன்னார்.

அந்த ஆவியும் அவரும் பிறகு இணைபிரியாத சிநேகிதிகள் ஆனார்கள்.

என் தம்பியைப் பற்றியும் இங்கே சொல்லவேண்டும். யுத்தகாலத்தில் கொழும்புக்குப் போகும் வழியில், சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டவன். அதன்பின் ஒரு தகவலும் இல்லை. அம்மா இங்கு வந்ததும் உறவினர் ஒருவர், இவ்வளவு காலமாகிவிட்டதே, காரியத்தைச் செய்துவிட்டால் அவனுக்கும் நல்லது என்றார். அவரோடு அம்மா பிறகு கதைக்கவே இல்லை. அப்பாவுக்கு ஆடி அமாவாசை விரதம் பிடிப்பார். அன்று தம்பியின் பெயரை யாராவது எடுத்துவிடுவார்களோ என்று எங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

அடுத்த சீனப் புத்தாண்டுக்கு முதல்நாள், குடும்பமாகக் கூடிச் சாப்பிடும் விருந்துக்கு அன்ரி எங்களையும் அழைத்தார். டேவிட்டும் மனைவியும் வந்திருந்தார்கள். முழு மீன், கோழி, நீளமான நூடில்ஸ். மேசையில் எல்லோருக்கும் கிண்ணம் வைத்த பின், யாரும் இல்லாத கதிரைக்கு முன்னால் இன்னொரு கிண்ணத்தில் சோறு போட்டு, சாப்பிடும் குச்சிகள் இரண்டையும் அதன் பக்கத்தில் கிடத்தி வைத்தார். டேவிட் பெருமூச்சு விட்டார். இன்னும் யார் வரவேண்டும் என்று என் அம்மா கேட்டார்.

"எங்க அண்ணன் லா."

அன்ரி சிறுமியாக இருந்த காலத்தில், மலாயாவில் வெள்ளையர் அவசரகாலச் சட்டம் போட்டிருந்த நாட்களில், லொறியில் வந்தவர்கள் கடையிலிருந்து அண்ணனை ஏற்றிப் போனார்கள். அவர் திரும்பவில்லை. இறந்தவர்களுக்குச் சோற்றில் குச்சிகளை நட்டு வைப்பது அவர்கள் வழக்கம். ஊதுபத்தி போல நிற்கும். அன்ரியின் தாயார் கடைசிவரை அதற்கு இணங்கவில்லை. ஒவ்வொரு புத்தாண்டுக்கும் கிண்ணம் வைத்து, குச்சிகளை உயிரோடிருப்பவர்களுக்கு வைப்பது போலக் கிடத்தியே வைத்தார். அவர் போன பின் அன்ரி வைத்துவந்தார்.

அம்மா அந்த விருந்தில் அதிகம் சாப்பிடவில்லை. அந்தக் கிண்ணத்திலிருந்து ஆவி பறந்து அடங்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வருடம் எங்கள் ஆடி அமாவாசை கழிந்த கையோடு அவர்களுடைய ஏழாம் மாதம் தொடங்கியது. பசித்த ஆவிகள் உலாவும் மாதம். கவனிக்க ஆளில்லாதவர்களுக்காக அன்ரி பின்வாசல் படியில் உணவு வைத்து, தகர டிரம்மில் ஆவிகளுக்கான காசுத் தாள்களை எரித்தார். புகையைக் கண்ட யாரோ தீயணைப்புப் படையை அழைத்துவிட்டார்கள். வந்த வீரர்களிடம் அன்ரி ஆளுக்கொரு மாண்டரின் பழத்தை நீட்டி, இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது, முடிந்ததும் தண்ணீர் ஊற்றுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அவர்கள் தோலை உரித்துத் தின்றபடி காத்து நின்றார்கள்.

மறுநாள் மாலை அம்மா ஒரு தட்டோடு வேலியைச் சுற்றி நடந்தார். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் பொரித்த மிளகாயும். தம்பி எப்படிச் சாப்பிடுவானோ அப்படியே. நான் பின்னால் போனேன். அம்மா தட்டை நீட்டினார். அன்ரி இரண்டு கையாலும் வாங்கினார்.

"பேரு சொல்ல வேணாம் அக்கா," என்றார். "இது பசிச்சவங்களுக்கு. பசி உயிரோட இருக்கிறவங்களுக்கும் உண்டுதானே."

காலையில் தட்டு வெறுமையாக இருந்தது. இரவில் திரியும் பொசம் விலங்கோ பூனையோ தின்றிருக்கும் என்று நான் நினைத்தேன். மிளகாயையுமா என்ற கேள்வி இன்றுவரை எனக்கு இருக்கிறது. அம்மா எதுவும் கேட்காமல் தட்டைக் கழுவித் துடைத்து வைத்தார். அன்றைக்கு, ஆக்லாந்துக்கு வந்த பிறகு முதன்முறையாக, பகலில் படுத்து நன்றாகத் தூங்கினார். அந்த மாதம் வரும்போதெல்லாம் அந்தத் தட்டும் போயிற்று.

சென்ற வருடம் அன்ரிக்கு உடம்பில் கடும் வருத்தம் பிடிபட்டது. மருந்துகள் வேலை செய்யவில்லை என்பதை அவர் எங்களிடம் மறைக்கவில்லை. இந்தப் புத்தாண்டு விருந்துக்கு மெலிந்த கையால் தாமே எல்லாம் சமைத்தார். எல்லோரும் அமர்ந்த பின் அண்ணனின் கிண்ணத்தில் சோற்றை நிரப்பினார். குச்சிகளை எடுத்தார். சற்றுத் தயங்கி, இரண்டையும் சோற்றில் செங்குத்தாக நட்டார்.

டேவிட் தன் குச்சிகளைக் கீழே வைத்தார்.

"எனக்குப் பிறகு யாரு வைப்பா?" என்று தமிழில் அம்மாவைப் பார்த்துச் சொன்னார். "பாவம், நாற்காலியில உக்காந்து காத்துக்கிட்டே இருப்பாரு. இனிமே போகட்டும்."

அம்மா எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். தமையனைத் தன் கையாலேயே கொன்றுபோட்டாள் என்று குசினிக்குள் நின்று அழுதார். பல வாரங்கள் வேலிப்பக்கம் போகவில்லை. அந்த வாரங்களில் தம்பியின் படம் இருந்த அறைக்கதவை அம்மா சாத்தவிடவில்லை. இரவும் பகலும் திறந்தே கிடந்தது.

அன்ரியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் அம்மா இடியப்பமும் சொதியும் செய்யத் தொடங்கினார். நான்தான் கூட்டிப் போனேன். அன்ரியால் ஒரு வாய்க்கு மேல் உண்ண முடியவில்லை.

"நீ செய்தது சரியோ பிழையோ எனக்குத் தெரியாது, மெய்," என்றார் அம்மா. "நான் செய்யமாட்டன்."

"நீங்க செய்யாதீங்க அக்கா. உங்களுக்கு இந்தப் பொண்ணு இருக்கு. அது வைக்கும்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஓம் என்றேன். என்ன வாக்கைக் கொடுத்தேன் என்பது வீட்டுக்கு வந்த பின்தான் எனக்கு விளங்கியது. எனக்குப் பிள்ளைகள் இல்லை. அம்மாவுக்குப் பின் நான் வைப்பேன். எனக்குப் பின் தம்பி எந்த வாசலில் நிற்பான்?

அன்ரியை அடக்கம் செய்த நாளில் தூறிக்கொண்டிருந்தது. வந்தவர்களுக்கு வெள்ளை உறையில் ஓர் இனிப்புக் கொடுத்தார்கள். துக்கத்தின் கசப்பு வாயில் தங்காமலிருக்க அதை அங்கேயே தின்றுவிடவேண்டுமாம். விடைபெறும் வார்த்தை சொல்லக்கூடாது என்றார்கள். எங்களுக்கும் அது உண்டு. சாவீட்டில் போய் வருகிறேன் என்பதில்லை. கடைசியாக, முதிய சீன உறவினர் ஒருவர் காரடிக்கு வந்து, நேரே வீட்டுக்குப் போகாதீர்கள், வழியில் எங்காவது ஒரு கடையில் இறங்கி ஏறுங்கள் என்று ஆங்கிலத்தில் அக்கறையோடு சொன்னார். இல்லாவிட்டால் இறந்தவர் பின்னாலேயே வந்துவிடுவாராம்.

அவர் சொன்னதை அம்மாவுக்குச் சொன்னேன். வழியில் டெய்ரி எனப்படும் ஒரு மூலைக்கடையைக் கண்டு காரை மெதுவாக்கினேன்.

"நிப்பாட்டாதை," என்றார் அம்மா. "நேரை வீட்டை போ."

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தேன். அம்மா படியிலேயே, நனைந்த குடையைப் பிடித்தபடி, ஒருவர் போகக்கூடிய அளவுக்கு ஒதுங்கி நின்றார். தெருவில் யாரும் இல்லை.

"வா, மெய்," என்றார். பிறகு தானும் உள்ளே வந்து, கதவை மெதுவாகச் சாத்தினார்.