சாக்கு விரித்த சரிவு

முருகன், அவன் தங்கை ராணி, செல்வி, நான். சின்ன வயதில், சூரியநெல்லி எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில் பனியில் வழுக்கி விளையாட நாங்கள்தான் இருந்தோம்.

இன்று விடியலில் ஜீப் கண்ணாடி மேல் போட்டிருந்த சாக்கை எடுத்தேன். சுற்றிலும் புல் வெள்ளையாக உறைந்து கிடந்தது. சாக்குக்கு அடியில் கண்ணாடி மட்டும் தெளிவாக இருந்தது. செல்வி நினைவுக்கு வந்தாள்.

ஜனவரியில் புல் உறைந்தால், வெயில் ஏறும் முன் சாக்கில் உட்கார்ந்து சரிவில் வழுக்குவோம். கீழே ஓடை வரைக்கும் போவது செல்வி மட்டும்தான். அந்த வருஷம் அவள் அப்பாவுக்கு எஸ்டேட் வேலை முடிந்தது. வீட்டைக் காலி செய்து தென்காசிக்குப் போகிறார்கள். விடிந்தால் லாரி வரும்.

"கடைசியா ஒரு தடவ வழுக்கிட்டுப் போறேன்" என்றாள்.

மாடு மிதித்துப் பனியைக் கெடுத்துவிடும் என்று முருகன் பயந்தான். சாயங்காலமே சரிவு முழுக்கச் சாக்கு விரித்தோம். தேயிலை நாற்று பனியில் கருகாமல் இருக்க எங்கள் அம்மாக்கள் மூடி வைப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான். ஆனாலும் அன்று ஒருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை.

காலையில் சாக்குகளை உருவினோம். மலையெல்லாம் வெள்ளை. எங்கள் சரிவு மட்டும் பச்சை.

"ஏல முருகா, பனிக்கே போர்வ போத்திட்டியால?" என்று செல்வி சிரித்தாள். ராணி அழுதாள்.

வேறு சரிவுக்கு ஓட நேரமில்லை. லாரி ஹாரன் அடித்தது. "ஏட்டி, ஏறுதியா இல்லியா?" என்று அவள் அம்மா மேலிருந்து கத்தினாள்.

செல்வி ஈரப்புல்லில் சாக்கைப் போட்டு உட்கார்ந்தாள். எல்லோரும் சேர்ந்து தள்ளினோம்.

நாலு அடி போனாள்.